வால்வைக் கழற்றிய காலம்

ஆவடியில் யாராவது "வண்டி ஹீட் ஆகுது" என்று சொன்னால், எந்த வண்டி என்று கேட்க வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. காராகவும் இருக்கலாம், டாங்கியாகவும் இருக்கலாம்.

இரண்டுக்கும் பூர்வீகம் இங்கிலாந்து. இரண்டின் தமிழ்நாட்டு ஜாதகமும் 1961-இல் எழுதப்பட்டது. அந்த ஆண்டில்தான் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை அமைந்தது. அதே ஆண்டில்தான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் மதராஸில் தயாராகத் தொடங்கியது. 1965-இல் ஆவடியிலிருந்து வெளிவந்த விஜயந்தா டாங்கிக்கு லேலண்ட் எல்-60 எஞ்சின்: ஆறு சிலிண்டர், பன்னிரண்டு பிஸ்டன், 535 குதிரைசக்தி. லைனர் சீல் வழியாகத் தண்ணீர் கசிவது அதன் பிறவிக்குணம். அதே எஞ்சினைத் தன் சீஃப்டன் டாங்கியில் வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் ராணுவமே ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியது. எங்கள் வீட்டு ஹெரால்டுக்கு 948 சி.சி., நான்கே சிலிண்டர். அதைக் கொதிக்க வைக்க ராணுவம் தேவைப்படவில்லை, நாங்களே போதுமானவர்களாக இருந்தோம்.

அப்பா செகண்ட் ஹாண்டில் வாங்கிய வண்டி. ஹெரால்டின் முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் சாயும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேல் சௌகரியமாக உட்கார்ந்து, ஒரு கையில் டீ கிளாஸோடு வைத்தியம் பார்ப்பார். அவருடைய வைத்தியம் எளிமையானது: எதையாவது கழற்றுவது. முதலில் போனது தெர்மோஸ்டாட் வால்வு. "இது வெள்ளைக்காரன் குளிருக்கு வெச்சது சார், நம்ம வெயிலுக்கு எதுக்கு?" என்றார். தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை.

ஓட்டை ரேடியேட்டரில் இருந்தது. அதற்கு மருந்து மஞ்சள் தூள். சமையலறையிலிருந்து ஒரு கைப்பிடி, அதன்மேல் போர் தண்ணீர், கசிவு நின்றுவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் நைந்தபோது, பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு வட்டம் வெட்டி வைத்தார். அழுத்தம் என்ற ஒன்று அதற்குள் இருக்க வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. ஏழு பவுண்டு மூடி சரியாக உட்கார்ந்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 111 வரை தாங்கும். நாங்கள் அந்தப் பதினொரு டிகிரியைத் தானம் செய்துவிட்டு, டிக்கியில் தண்ணீர் கேனோடு கிளம்புவோம்.

சென்ட்ரலுக்குப் போவதென்றால் திருமுல்லைவாயலில் முதல் ஆவி வரும். அம்பத்தூர் ஓ.டி.யில் டீ, பாடியில் மறுபடி தண்ணீர். யாரும் கோபப்பட்டதில்லை. கடைக்காரர் குடத்தோடு வருவார், பஸ்ஸுக்கு நிற்பவர் "மூடியைத் துணி போட்டுத் திறங்க" என்பார். கார் வைத்திருப்பவனுக்கு ஊர் கொடுத்த மரியாதையில் பாதி, தண்ணீர் ஊற்றும்போது கிடைத்ததுதான்.

இப்போது அதே வண்டியைப் புதுப்பிக்கிறேன். இன்றைய முறையில் எதையும் கழற்றுவதற்கு முன் அளக்க வேண்டும். முதலில், வெப்பமானி முள் சொல்வது உண்மையா என்று பார்க்க வேண்டும். அகச்சிவப்புத் தெர்மாமீட்டரை ரேடியேட்டரின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினால், நடுவில் ஒரு பகுதி மட்டும் சில்லென்று இருக்கும். சூடாக இருப்பது கோளாறில்லை, சில்லென்று இருப்பதுதான் கோளாறு: அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. அடுத்து, ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறதா என்று பார்க்க நீல நிறத் திரவம் ஒன்று இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் பிடித்தால், எரிந்த வாயு கலந்திருக்கும் பட்சத்தில் மஞ்சளாக மாறும். எங்கள் வண்டியில் அது நீலமாகவே நின்றது. மஞ்சள் வேறு இடத்தில் இருந்தது. ரேடியேட்டரைக் கழற்றிப் பிரித்தபோது, அப்பா காலத்துச் சமையல் கட்டியாக வெளியே வந்தது. கசிவை அடைத்த கையோடு அது மற்ற குழாய்களையும் அடைத்திருக்கிறது; மருந்து நோயாளியை விடவில்லை.

பிளாக்கின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகைக் கழற்றினோம். ஒரு சொட்டு வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தியபோது போர் தண்ணீரின் உப்பும் துருவும் சேறாக இறங்கின. கடைசி சிலிண்டரைச் சுற்றித் தண்ணீரே ஓடியிருக்காது. கீழ் ஹோஸ் வேகத்தில் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளாமலிருக்க உள்ளே ஒரு சுருள் கம்பி வேண்டும், அதுவும் காணாமல் போயிருந்தது. இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தது, அதுவே தனியாக எஞ்சினைச் சூடாக்கும். ஆக, வால்வைத் தவிர மற்ற எல்லாமே கோளாறாக இருந்த வண்டியில், வால்வுக்கு மட்டும் தண்டனை கிடைத்திருக்கிறது. அது இல்லாமல் காலை நேரத்து எஞ்சின் சூடேறாமல் ஓடி, கூடுதல் பெட்ரோலைக் குடித்து, சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு தேய்ந்ததுதான் மிச்சம்.

அன்று இனாமாகக் கழற்றி எறிந்ததையெல்லாம் இன்று காசு கொடுத்துத் தேடி மாட்டுகிறேன். புது வால்வை அடுப்பில் தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, 82 டிகிரியில் திறக்கிறதா என்று பார்த்துத்தான் பொருத்தினோம். மஞ்சளுக்குப் பதில் இப்போது கூலன்ட். போர் தண்ணீருக்குப் பதில் காய்ச்சி வடித்த நீர். வண்டி சி.டி.எச். சாலை நெரிசலில் நின்றாலும் முள் நடுவிலேயே நிற்கிறது. யாரும் குடத்தோடு வருவதில்லை. செல்போனோடு வந்து, "மைலேஜ் எவ்வளவு சார்?" என்கிறார்கள்.

போன மாதம் அந்தப் பழைய மெக்கானிக்கை ஏற்றிக்கொண்டு அம்பத்தூர் வரை போனேன். வயதாகிவிட்டது, ஆனால் கண் முதலில் போனது வெப்பமானி முள்ளுக்குத்தான். வழி நெடுக அதையே பார்த்துக்கொண்டு வந்தவர், இறங்கும்போது திருப்தியாக என் தோளைத் தட்டினார்.

"பாத்தியா தம்பி, எப்படிச் சில்லுன்னு ஓடுது! அன்னிக்கே அந்த வால்வைக் கழட்டி எறிஞ்சது எவ்வளவு நல்லதாப் போச்சு!"