இல்லையெனில், ஏன் இல்லை?

1921 முதல் 1937 வரை நடைபெற்ற இரட்டையாட்சிக் காலத்துச் சென்னைச் சட்டசபையின் நடவடிக்கைக் குறிப்புகளை, அதாவது அங்கே பேசப்பட்டவற்றைப் பதிந்து சர்க்கார் அச்சிட்ட தடித்த தொகுதிகளை, ஏதேனும் ஒரு விவாதத்தைத் தேடிப் புரட்டுகிற ஆய்வாளர் எவரும், கேள்வி கேட்கும் கனம் அங்கத்தினரைத் தாண்டாமல் அந்த விவாதத்தைப் போய்ச் சேர்ந்ததில்லை. 'கனம்' என்பது சபையோர் பெயருக்கு முன்னால் இடப்பட்ட மரியாதைச் சொல்லேயன்றி எடையைக் குறிப்பதன்று. எனினும் தொகுதியைத் தூக்கிப் பார்த்தவருக்கு இரண்டும் ஒன்றெனத் தோன்றினால் அது அவர் குற்றமாகாது.

1861ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்திய சபையில் அங்கத்தினர் கேள்வி கேட்பதற்கே இடமில்லை. அவ்வுரிமை 1892இல் வந்தது. விடை கிடைத்தபின் அதன்மேல் எழுப்பும் துணைக்கேள்வி 1909இன் சீர்திருத்தத்தில் மூலக்கேள்வியைக் கேட்டவருக்கு மட்டும் வாய்த்தது. 1919இன் சீர்திருத்தத்துக்குப் பின்னரே எல்லா அங்கத்தினருக்கும் உரியதாயிற்று. இப்படி ஏறத்தாழ அறுபது ஆண்டுகளில் படிப்படியாகக் கிடைத்த உரிமை முழுவதும் தமக்கென்றே தருவிக்கப்பட்டது என்பது இவருடைய அசையாத நம்பிக்கை.

இவருடைய கேள்வி ஒருபோதும் ஒற்றைக் கேள்வியாக வருவதில்லை, குடும்பமாகவே வரும். ஓர் ஊரில் கால்நடைப் பட்டியின், அதாவது பிறர் பயிரை மேய்ந்த மாடுகளை அடைத்துவைத்து உடையவரிடம் அபராதம் வாங்குகிற அடைப்பின், சுவர் சரிந்ததாக இவர் காதில் விழுந்தால், சர்க்கார் தயைசெய்து பின்வருவனவற்றைத் தெரிவிப்பார்களா என்று தொடங்குவார்: (அ) மேற்படிச் சுவர் விழுந்தது உண்மைதானா, (ஆ) ஆம் எனில் எப்போது, (இ) அதன் வழியே எத்தனை மாடுகள் வெளியேறின, (ஈ) பட்டிக்காரர் எந்த வகுப்பைச் சேர்ந்தவர், (உ) சுவரை எழுப்பும் உத்தேசம் சர்க்காருக்கு உண்டா, (ஊ) இல்லையெனில், ஏன் இல்லை? 1921இன் வகுப்புவாரி உத்தரவுக்குப் பிறகு எந்த உத்தியோகத்தில் எந்த வகுப்பார் எத்தனை பேர் என்று கேட்பது சபையில் நியாயமான வழக்கமாயிருந்தமையால் (ஈ) பிரிவை மன்னித்துவிடலாம். (ஊ) பிரிவை மன்னிப்பதுதான் கடினம். (உ) பிரிவுக்கு என்ன விடை வரும் என்று தெரிவதற்கு முன்பே, அது மறுப்பாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, அம்மறுப்புக்கும் காரணம் கேட்டு வைக்கிற முன்யோசனை இவருக்குப் பிறவியிலேயே அமைந்தது. தம் வீட்டில் மோர் உண்டா என்பதைக்கூட இவர் இரு பிரிவுகளாகவே விசாரித்திருக்க வேண்டும்.

இக்கேள்வி கோட்டையிலிருந்து கலெக்டருக்கும், கலெக்டரிடமிருந்து தாசில்தாருக்கும், அவரிடமிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டருக்கும் இறங்கி, முடிவில் ஊர்க் கணக்கரான கர்ணத்தின் திண்ணையை அடையும். நேரில் போய்ப் பார்த்த கர்ணம், சுவர் விழவில்லை, சாய்ந்துதான் இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி எழுதுவார். அது வந்த வழியே மேலேறிச் சபையில் விடையாகும்போது, "(அ) இல்லை, (ஆ) முதல் (ஊ) வரை எழவில்லை" என்று சுருங்கிவிடும். முதற் பிரிவு பொய்யானால் அதைச் சார்ந்த பிரிவுகளுக்கு விடை தேவையில்லை என்பதைக் குறிக்கும் சபை மரபே 'எழவில்லை' என்பது. ஆனால் கேள்வி எழவில்லை என்று சொல்லப்பட்ட மாத்திரத்தில் கேட்டவர் எழுந்துவிடுவார். சாய்ந்த சுவரை விழுந்த சுவராகக் கருதுவதில் சர்க்காருக்கு ஆட்சேபம் உண்டா என்பது அவருடைய துணைக்கேள்வி. அதற்கு முன்னறிவிப்பு வேண்டும் என்பது விடை. முன்னறிவிப்புக் கொடுத்தால் விடை உண்டா என்பது அடுத்த துணைக்கேள்வி. பல நூற்றாண்டுகளின் திதி, வாரங்களைக் கணித்து நூலாக்கிய எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1924, 1925ஆம் ஆண்டுகளில் இச்சபையின் தலைவராக வீற்றிருந்தார். அப்பேர்ப்பட்ட கணிதருக்கும் இவர் எந்த நாழிகையில் உட்காருவார் என்று கணிப்பது எளிதாயிருந்திராது.

இரட்டையாட்சியும் இவருக்குத் தோதாகவே அமைந்தது. போலீசும் நிலவரியும் கவர்னருக்குக் கட்டுப்பட்ட நிர்வாக அங்கத்தினர்களிடமும், கல்வியும் ஸ்தல ஸ்தாபனங்களும் மந்திரிகளிடமும் பிரிக்கப்பட்டிருந்தமையால், பட்டிச் சுவர் எவருடைய சுவர் என்பதையே தனிக் கேள்வியாக்க முடிந்தது. வரவுசெலவுத் திட்டத்தின்போது இவர் கொண்டுவரும் நூறு ரூபாய் வெட்டுப் பிரேரணை, அதாவது பணத்தைக் குறைப்பதற்காகவன்றிக் குறையைச் சொல்வதற்காக மானியத்தில் நூறு ரூபாயைக் குறைக்கக் கோரும் தீர்மானம், பேசி முடித்ததும் வாபஸாகிவிடும்; அதைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

இவரால் பயனில்லை என்று தள்ளிவிடவும் முடியாது. இடிந்த மதகும் மருந்தில்லாத மருந்தகமும் தலையாரியின் சம்பளப் பாக்கியும் இவர் கேட்டிராவிட்டால் எந்த ஏட்டிலும் ஏறியிருக்க மாட்டா; கேள்விக்குப் பயந்து தாசில்தார் ஒருவர் மதகைக் கட்டி முடித்த பின், மதகு இடியவில்லை என்று விடை வந்ததும் உண்டெனில், அந்த ஊர்க்காரருக்கு மதகே போதும்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாதிருக்க இயலாது. இரட்டைமலை சீனிவாசன் 1924இல் இதே சபையில், பொதுத் தெருக்களும் கிணறுகளும் குளங்களும் ஒடுக்கப்பட்ட வகுப்பார் உட்பட எல்லாருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். நம் அங்கத்தினர் தம் தாலுகாவில் குடிதண்ணீர்க் கிணறு எத்தனை, அவற்றின் ஆழம் எத்தனை அடி, கைப்பிடிச் சுவர் உள்ளவை எத்தனை, இல்லையெனில் ஏன் இல்லை என்றெல்லாம் கேட்டவர். அவற்றில் எவரெவர் நீர் எடுக்கலாம் என்று ஒரு பிரிவு சேர்த்துக் கேட்டவரல்லர். நிலவரியோ சொத்துவரியோ கட்டியவருக்கே பெரும்பாலும் வாக்கிருந்த காலத்தில், கிணற்றுக்கு வெளியே நின்றவர்களில் இவருக்கு வாக்களிக்கக் கூடியவர் அரியர் என்பது காரணமாயிருக்கலாம். காரணம் எதுவாயினும், அகரவரிசை முழுவதையும் பட்டிச் சுவருக்குச் செலவிட்டவருக்கு இதற்கு ஓர் எழுத்துக் கிடைக்கவில்லை.

தீர்மானம் நிறைவேறியபின் வந்த கேள்வி நேரத்திலும் அவர் எழுந்தார். பட்டிச் சுவர் இப்போது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்டார்.