நாற்கட்டச் செல்ஃபியும் கதகளி வேடமும்: ஓர் ஆய்வு

ஒரே செல்ஃபியை நான்காக்கி, கட்டத்துக்கொரு வண்ணம் முகத்தில் அப்பி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இடும் வழக்கம் திருவனந்தபுரத்தில் வலியசாலை அக்ரகாரம் முதல் சாஸ்தமங்கலம் வரை காணப்படுகிறது. இது பாப் ஆர்ட் ஓவியர் ஆண்டி வார்ஹோல் வழி வந்தது என்பர் மேலைக் கொள்கையினர். அஃது அன்று, கதகளி வழி வந்ததே என நிறுவுவதே நம் நோக்கம்.

எதிர்த்தரப்பின் சான்றுகள் வலியவைதாம். வார்ஹோல் 1963இல் எத்தெல் ஸ்கல் என்ற சீமாட்டியை நியூயார்க்கில் காசு போட்டால் படம் தரும் கூண்டுக்குள் உட்கார்த்தினார். கிடைத்த முகங்களைப் பட்டுத்திரை அச்சில் 36 கட்டமாக்கினார். பிறகு தம் முகத்தையும் அவ்வாறே பிடித்து, நான்கு கட்டமாக நீலத்தில் அச்சிட்டார். 2005இல் ஆப்பிள் கணினியில் வந்த ஃபோட்டோ பூத் செயலி அந்த வேலையை ஒரு பொத்தானுக்குள் அடக்கிவிட்டது. இன்றைய செயலிகள் வெளிச்சத்தின் 256 படிகளை நாலைந்தாகக் குறைத்து, படிக்கொரு வண்ணம் நிரப்புகின்றன. கண்ணோரச் சுருக்கமும் கன்னத்துப் பருவும் அந்தத் தள்ளுபடியில் போய்விடும். அத்தைமார் இதை விரும்புவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆயினும் வார்ஹோலின் மர்லின் மன்றோ எந்த நிறத்தில் நின்றாலும் அதே மர்லின்தான். இங்கே முகத்தின் நிறம் ஜாதகம் மாதிரி. கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு முறை கதகளி பார்த்தவருக்குத் தெரியும்: பச்சை என்றால் நளன், தருமன், கிருஷ்ணன். சிவப்புத் தாடி துச்சாதனன். கரி சூர்ப்பணகை. மஞ்சள் கலந்த மினுக்கு பெண்களுக்கும் முனிவர்களுக்கும். பச்சை முகத்தில் சிவப்புக் கீற்று ஏறினால் கத்தி வேடம். ராவணன், கீசகன் போன்றோர். பட்டுத்திரை சற்றே விலகினால் உதட்டுச் சாயம் கன்னத்தில் விழுவதை வார்ஹோல் அழகென்று விட்டுவைத்தார். நம் செயலியில் அப்படி விழுந்தால் மாமா கீசகனாகிவிடுகிறார்; விட்டுவைக்க முடியுமா?

கதகளி நடிகர் மல்லாந்து படுத்து, மணிக்கணக்கில் சுட்டி என்னும் முக ஒப்பனையைக் குத்திக்கொள்கிறார். செல்ஃபிக்கு ஒரு நொடி போதும் என்று ஆட்சேபிக்கலாம். மாமாவின் முகக்கோணம் அமைய ஆகும் நேரத்தை ஆட்சேபிப்பவர் கணக்கில் எடுக்கவில்லை. மேலும், நடிகர் கண் சிவக்கச் சுண்டப்பூ விதை இடுவார். இரவு முழுக்க ஃபோன் பார்ப்பவருக்கு அந்தச் செலவும் மிச்சம்.

நீலக் கட்டம் எந்த வேடம் என்பது கடினமான வினா. கதகளிப் பச்சை தனி நிறமன்று. மஞ்சளான மனையோலையும் நீலமும் குழைத்துச் செய்வது. ஆகவே நீலமுகத்தார் மனையோலை சேராத பச்சை, அதாவது இன்னும் முற்றாத நல்லவர் என்க.

களப்பணி முதலில் நேப்பியர் மியூசியத்தில் தொடங்கியது. 1880இல் ராபர்ட் சிஷோம் முடித்த அக்கட்டடமே பல வண்ணப் பட்டைகளால் ஆனது. அதன் முன் எடுத்த செல்ஃபி செயலி இல்லாமலே பாப் ஆர்ட் ஆகிவிட்டதால், ஆய்வு ஒரு குடியிருப்பின் மொட்டைமாடிக்கு மாற்றப்பட்டது. நான்கு நிறமும் காட்டி, “இதில் நீங்கள் எது?” என்று கேட்டோம். ஒருவர் விடாமல் பச்சையைத் தொட்டனர். சிவப்பு யார் என்றதும், குழந்தைகள் உட்பட எல்லோரும் சங்கச் செயலாளர் வீட்டுப் பக்கம் திரும்பினர். முறைப்படி அவரிடமும் போனோம். அவரும் தமக்குப் பச்சையையே எடுத்துக்கொண்டார். “அப்படியானால் சிவப்பு யார் சார்?” என்று கேட்டதற்கு, பராமரிப்புத் தொகை பாக்கி வைத்திருப்போரின் பட்டியலை எடுத்து நீட்டினார்.