ஆயில் கேன் வேண்டாம் மாமா!

நேப்பர்வில், இல்லினாய்ஸ்

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தை, பிள்ளைகள், தறிகள் எல்லோரும் சௌக்கியமா?

நான் சூதாட்டப் பெட்டி வாங்கி வீட்டில் வைத்திருப்பதாக அம்மா ஆர்.கே.பேட்டை பஜார் முழுக்கச் சொல்லிவிட்டதாகக் கேள்வி. நீங்களாவது உண்மையைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் வாங்கியது ஒரு பழைய பின்பால் மெஷின். திருத்தணி கிருத்திகைக் கடைகளில், ஆணி அடித்த பலகையில் கோலி உருட்டும் பேகடெல் வாங்கித் தருவீர்களே, அதன் வம்சம்தான் இதுவும். 1871-இல் மாண்டேகு ரெட்கிரேவ் என்பவர் அந்தப் பலகையில் ஸ்பிரிங் வைத்த தள்ளுகோலைப் பொருத்திக் காப்புரிமை வாங்கினார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

அம்மாவையும் குறை சொல்ல முடியாது. நியூயார்க் மேயர் லா கார்டியாவும் அம்மா கட்சிதான். 1942-இல் இதைச் சூதாட்டம் என்று தடை செய்து, பிடிபட்ட பெட்டிகளைச் சம்மட்டியால் உடைத்துப் படமும் எடுத்துக்கொண்டார். அன்று பந்தைத் திருப்பி அடிக்கும் மட்டைகள் கிடையாது. 1947-இல் வந்த 'ஹம்ப்டி டம்ப்டி' மெஷினில்தான் அவை முதலில் வந்தன. கடைசியில் 1976-இல் ரோஜர் ஷார்ப் என்ற இளைஞர் நகர மன்றத்தார் முன் நின்று, "பந்து இந்த வழியில்தான் போகும்" என்று சொல்லிவிட்டுத் தள்ளுகோலை இழுத்தார். பந்தும் சொன்ன பேச்சைக் கேட்டது, தடை நீங்கியது. என் பெட்டி அதே 1976-இல் சிகாகோ பக்கத்துக் காட்லீப் கம்பெனி செய்தது. பெயர் 'ராயல் ஃபிளஷ்'. உடம்பெல்லாம் ராஜா, ராணி, ஜாக்கி. இதை மட்டும் அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

எடை நூறு கிலோவுக்கு மேல். காலையும் தலையையும் கழற்றிவிட்டு, போர்வை போர்த்தி, நாலு பேர் பிடித்து பேஸ்மென்டுக்கு இறக்கினோம். எதிர்வீட்டுப் பாட்டி ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

உள்ளே கம்ப்யூட்டரும் இல்லை, சிப்பும் இல்லை. ஆடும் பலகையைத் தூக்கினால் அடியில் ஒயர், காயில், ரிலே, மெல்லிய தகடு சுவிட்சுகள். ஸ்கோர் கணக்குகூட மோட்டாரும் ரிலேவும்தான். அதை வீடியோ காலில் காட்டியபோது உங்கள் தீர்ப்பு நினைவிருக்கிறதா? "எல்லாம் காஞ்சு கெடக்குது. நாலு சொட்டு எண்ண உடுடா, தானா ஓடும்."

மாமா, மன்னிக்கணும். இந்த ஜாதி மெஷினுக்கு எண்ணெய் ஆகாது. மட்டையை இழுக்கும் இரும்புத் தண்டு ஒரு நைலான் குழாய்க்குள் உலர்ந்தே ஓட வேண்டும். எண்ணெய் பட்டால் தூசியைச் சேர்த்துக்கொண்டு பிசினாகிவிடும். சுவிட்சு முனையில் பட்டால் மின்சாரம் சரியாகப் பாயாது. எனக்கு முன்னால் இதை வைத்திருந்தவருக்கும் ஒரு மாமா இருந்திருக்கிறார் போல. குழாய் முழுக்கக் கரிய தார். அதையெல்லாம் ஆல்கஹாலால் துடைத்தெடுத்துப் புதுக் குழாய் போட்டேன். தேய்க்கிற ஆல்கஹால்தான். இதையும் அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

ஆனால் உங்கள் காது இங்கேயும் வேலை செய்தது. இடது மட்டையை அழுத்திப் பிடித்தால் மேலே நிற்காமல் 'டட்டட்டட்' என்று அடித்துக்கொண்டது. திண்ணையில் உட்கார்ந்தபடியே, "மூணாவது தறியில பிக்கிங் லூசுடா" என்பீர்களே, அந்த மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். மட்டையின் காயிலில் இரண்டு சுற்று உண்டு. ஒன்று பலசாலி, ஓங்கி அடிக்க. இன்னொன்று மெலிந்தது, தாங்கிப் பிடிக்க. மட்டை உச்சிக்குப் போனதும் ஒரு சுவிட்சு திறந்து பலசாலியை ஓய்வுக்கு அனுப்பும். பலசாலி ஓய்வெடுக்காவிட்டால் காயில் கருகும். இங்கே தாங்குகிறவன் வேலைக்கே வரவில்லை. அதனால் மட்டை விழ, பலசாலி ஓடிவந்து தூக்க, மறுபடி விழ, மறுபடி தூக்க. டார்ச் அடித்துப் பார்த்தால், காயிலின் காதருகே தலைமுடி போன்ற கம்பி ஒன்று அறுந்திருந்தது. ஈயம் வைத்துப் பற்றவைத்தேன், சத்தம் அடங்கியது. நாலு வருஷம் படித்த இன்ஜினியரிங்கில் இதைக் கேட்கச் சொல்லித்தரவில்லை.

ரப்பர் வளையங்களையும், குழிவிழுந்து பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்த இரும்புக் குண்டையும் மாற்றியாயிற்று. புதுக் குண்டு 27 மி.மீ., 80 கிராம். தேய்ந்துபோன ராணிக்கு வீட்டுக்காரி வண்ணம் தீட்டினாள். இப்போது ராணிக்குப் பெரியம்மா ஜாடை. மெழுகு பூசியபின் பந்து வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

பையன் தோற்கும்போதெல்லாம் பெட்டியைப் பிடித்து உலுக்குவான். உள்ளே தொங்கும் குண்டு வளையத்தில் பட்டு 'டில்ட்' விளக்கு எரியும், ஆட்டம் செத்துப்போகும். நம் வீட்டில் நாலு தலைமுறையாக அடக்க முடியாத கோபத்தை அது ஒரு நொடியில் அடக்கிவிடுகிறது.

கோடை விடுமுறைக்கு நீங்களும் அத்தையும் அவசியம் வரவேண்டும். ஆட்டத்துக்குக் கால் டாலர். காசு வசூல் பையனுடைய இலாகா, சொந்தக்காரர் என்றெல்லாம் சலுகை கிடையாது. சில்லறை கொண்டுவாருங்கள். ஆயில் கேன் ஊரிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்