பாத்ரூமில் விழுந்த பாட்டியும் ஞாயிற்றுக்கிழமை விமானமும்

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் பக்கத்துக் கடிதங்களில் இந்த முறை ஒரே பேச்சு: வீட்டுப் பெரியவர் விழுந்துவிட்டார், இடுப்பு போய்விட்டது, இனி என்ன? மொத்தமாகவே பதில் சொல்லிவிடுகிறேன். கத்தி பிடிப்பவர் டாக்டர், நான் பேனா பிடிப்பவன். அந்த வித்தியாசம் ஞாபகத்தில் இருக்கட்டும்.

ஒரு மருமகள், சேலையூர்: மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறிவா, சுளுக்கா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

படுக்க வைத்து இரண்டு பாதங்களையும் பாருங்கள். அடிபட்ட கால் கொஞ்சம் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து, கட்டைவிரல் ஃபேனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தால் பெரும்பாலும் முறிவுதான். காலைத் தூக்கச் சொன்னால் குதிகால் பாயை விட்டு எழும்பாது. ஆனால் எல்லா முறிவும் இவ்வளவு வெளிப்படையாக இருக்காது. உடைந்த துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டால், "லேசா வலிக்குதுடி" என்று நொண்டிக்கொண்டே அடுப்படி வரை போய்விடுவார். முதல் எக்ஸ்ரேயில் சிக்காத முறிவும் உண்டு. வலி விடவில்லை என்றால் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எண்ணெய் தேய்க்காதீர்கள். காலை இழுத்து 'நேராக்க' வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் தோளில் கையைப் போட வைத்து ஆட்டோவில் ஏற்றவும் வேண்டாம். 108 ஆம்புலன்ஸ் எதற்கு இருக்கிறது?

ஒரு மகள், மேற்கு தாம்பரம்: அப்பாவுக்கு 85. இந்த வயதில் ஆபரேஷனைத் தாங்குவாரா?

ஆபரேஷன் இல்லாமல் மூன்று மாதம் படுக்கையைத் தாங்குவாரா என்று கேட்டீர்களா? அதை யாரும் கேட்பதில்லை. கத்தி என்றால் பயம், கட்டில் என்றால் ஓய்வு என்று நினைக்கிறோம். இந்த விஷயத்தில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் கட்டில்தான்.

இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பது பல நாட்டு ஆய்வுகள் காட்டும் கணக்கு. பெண்களுக்குத்தான் அதிகம் முறிகிறது. ஆனால் முறிந்த பிறகு அதிகம் இறப்பது ஆண்கள். எலும்பு உடைந்ததாலேயே யாரும் சாவதில்லை. மல்லாந்தே கிடப்பதால் சளி இறங்காமல் நிமோனியா வருகிறது. அசையாத காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்கு ஏறுகிறது. சிறுநீர்க் குழாய் வழியே தொற்று, முதுகில் படுக்கைப் புண். ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த இதயத்துக்கு இதெல்லாம் கூடுதல் சுமை. ஆபரேஷன் என்பது எலும்பை ஒட்டவைக்க மட்டும் அல்ல, ஆளை மறுநாளே உட்கார வைத்து, நிற்க வைக்கத்தான்.

85 என்பது தடை இல்லை. சர்க்கரை, பிரஷர், 'பிளட் தின்னர்' மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். மாத்திரை டப்பாவையே கையில் எடுத்துக்கொண்டு போவது உத்தமம்.

ஒரு மகன், நியூ ஜெர்சி (அம்மா சிட்லபாக்கத்தில்): ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. நான் வரும்வரை ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறேன். சரிதானே?

தப்பு. அம்மாவின் நுரையீரலுக்கு ஏர்லைன்ஸ் அட்டவணை தெரியாது.

பிரிட்டனின் வழிகாட்டு நெறி, சேர்த்த அன்றே அல்லது மறுநாளே ஆபரேஷன் என்கிறது. இன்னும் வேகமாகச் செய்தால் இன்னும் நல்லதா என்று இந்தியா உட்பட 17 நாடுகளில் 2,970 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. ஒரு பிரிவுக்குச் சராசரியாக 6 மணி நேரத்தில் ஆபரேஷன், இன்னொன்றுக்கு 24 மணி நேரத்தில். 90 நாளில் இறந்தவர்கள் 9 சதவீதம், 10 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சீக்கிரம் செய்துகொண்டவர்களுக்குப் புத்தித் தடுமாற்றமும் சிறுநீர்த் தொற்றும் குறைவு, எழுந்து நடந்ததும் சீக்கிரம். ஆகவே நடுராத்திரியில் டாக்டரின் சட்டையைப் பிடிக்க வேண்டியதில்லை. நாலு நாள் காத்திருக்கவும் கூடாது. அங்கே ஒப்பிட்டது ஆறு மணி நேரத்தையும் ஒரு நாளையும். நீங்கள் பேசுவது நாட்கணக்கை.

இன்னொன்று. அம்மா நினைவோடு இருக்கிறார் என்றால் கையெழுத்துப் போடவேண்டியவர் அவர்தான். வாட்ஸ்அப் குழுவில் ஓட்டெடுப்பு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து இறங்கும்போது அவர் வாக்கரைப் பிடித்து நின்றுகொண்டு, "இளைச்சுட்டியேடா" என்று கேட்கட்டும்.

பெருங்களத்தூர் வாசகர்: புத்தூர் கட்டுப் போட்டால் கூடிவிடும் என்கிறாரே எங்கள் சித்தப்பா?

திருப்பதி பக்கத்துப் புத்தூரின் பெயரைப் போட்ட எலும்புக்கட்டுப் பலகை நம் ஜி.எஸ்.டி. ரோடு வரை வந்துவிட்டது. கை எலும்பு, முழங்கைக்குக் கீழே என்று சித்தப்பா அனுபவம் பேசலாம். இடுப்பில் அவர் வாயைத் திறக்கக் கூடாது.

காரணம் எளிது. கட்டு என்றால் முறிவுக்கு மேலே ஒரு மூட்டு, கீழே ஒரு மூட்டு என்று இறுக்கிப் பிடிக்க வேண்டும். தொடை எலும்பின் கழுத்தை எங்கே சுற்றிப் பிடிப்பது? அது சதைக்குள்ளே, இடுப்புக் கிண்ணத்தில் உட்காரும் பந்துக்குக் கீழே இருக்கிறது. அங்கே ரத்த ஓட்டமும் சிக்கனம். கழுத்து முறிந்தால் அந்தப் பந்துக்குப் போகும் ரத்தக் குழாய்களும் அறுந்துபோகலாம். அப்புறம் பந்து உள்ளேயே செத்துப்போகும். அதனால்தான் வயதானவர்களுக்குக் கழுத்தில் முறிவு என்றால் பெரும்பாலும் பந்தையே மாற்றிவிடுகிறார்கள். சற்றுக் கீழே முறிந்திருந்தால் அங்கே ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும். ஸ்க்ரூ, பிளேட் அல்லது உள்ளே ராடு போட்டால் எலும்பு தானே கூடிக்கொள்ளும். பக்கத்து வீட்டு மாமாவுக்கு ராடு, நம் அம்மாவுக்கு மட்டும் பந்தா, ஆஸ்பத்திரி ஏமாற்றுகிறதா என்று சண்டைக்குப் போகும் முன் எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லுங்கள்.

கிழக்கு தாம்பரம், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர்: முழு மயக்கம் நல்லதா, முதுகில் ஊசி நல்லதா?

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,600 பேரிடம் ஒப்பிட்டு 2021-ல் சொன்னார்கள்: இரண்டு மாதம் கழித்து உயிரோடு இருப்பதிலும் நடப்பதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. மயக்க மருந்து டாக்டரிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் ரயிலை ஓட்டியபோது பயணிகள் வந்து பிரேக்கைப் பிடித்தார்களா?

முடிச்சூர் அரசியல் ரசிகர்: தலைவர்கள் யாரும் பாத்ரூமில் விழுவதில்லையோ?

தாராளமாக விழுகிறார்கள். தெலங்கானா முன்னாள் முதல்வர் கே. சந்திரசேகர ராவ் 2023 டிசம்பரில், ஆட்சியை இழந்த அதே வாரத்தில், பண்ணை வீட்டில் விழுந்தார். மறுநாளே இடது இடுப்பு மாற்று ஆபரேஷன். 2024 பிப்ரவரி 1 அன்று கைத்தடியோடு வந்து எம்.எல்.ஏ.வாகப் பதவியேற்றார். போப் இரண்டாம் ஜான் பால் 1994-ல் குளியலறையில் வழுக்கித் தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். அதன்பின் 11 வருடம் இருந்தார். இங்கிலாந்தின் ராஜமாதா 1998-ல், 97 வயதில், இடுப்பு முறிந்து ஆபரேஷன் செய்துகொண்டு 101 வரை வாழ்ந்தார். இவர்கள் யாருக்கும் உறவினர் கூட்டம் போட்டு நாள் பார்க்கவில்லை. அதையும் கவனியுங்கள்.

பல்லாவரம் வாசகர்: 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் 48 மணி நேரம் இலவசமாமே?

2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய அந்தத் திட்டம் சாலை விபத்துக்கு. ஜி.எஸ்.டி. ரோட்டில் விழுந்தால் உண்டு, பாத்ரூமில் விழுந்தால் இல்லை. டைல்ஸ் மேல் இன்னும் அரசின் பார்வை படவில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். அரசு மருத்துவமனை என்றால் வெட்கப்பட எதுவும் இல்லை.

சொல்லப்போனால், முதியோர் மருத்துவத்தில் இந்தியாவுக்கு வழிகாட்டியதே சென்னைதான். அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே அதற்குத் தனிப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் வி.எஸ். நடராஜன். 2012-ல் பத்மஸ்ரீ பெற்றார். 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையமும் வந்துவிட்டது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் கிண்டியில் இறங்கலாம்.

எலும்பு டாக்டரோடு முதியோர் டாக்டரும் சேர்ந்து பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. 2007-ல் இடுப்பு முறிவுக்கென்று தேசியப் பதிவேடு தொடங்கினார்கள். 30 நாளுக்குள் இறந்தவர்கள் அந்த வருடம் 10.9 சதவீதம், 2011-ல் 8.5. புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. சீக்கிரம் ஆபரேஷன், சீக்கிரம் எழுப்புதல், ஒவ்வொரு மருத்துவமனையின் மார்க்கையும் வெளியே ஒட்டுதல், அவ்வளவுதான். நம் ஊர் மருத்துவமனைகளின் மார்க்கும் வாசலில் ஒட்டப்பட்டால் முதல் ஆளாகப் போய்ப் படிப்பேன்.

ஒரு பேத்தி, மாடம்பாக்கம்: ஆபரேஷன் முடிந்ததிலிருந்து பாட்டி, செத்துப்போன தன் நாத்தனாரோடு சண்டை போடுகிறாள். பைத்தியமா?

இல்லை. இந்த வயதில் ஆபரேஷனுக்குப் பிறகு இப்படித் தடுமாறுவது சகஜம். பெரும்பாலும் தெளிந்துவிடும். மூக்குக்கண்ணாடியையும் காது மெஷினையும் கையில் கொடுங்கள். பகலில் ஜன்னலைத் திறங்கள், ராத்திரியில் விளக்கை அணையுங்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். கையைக் காலைக் கட்டவேண்டாம். காய்ச்சலா, சிறுநீர் அடைப்பா, உப்புச் சத்துக் குறைந்ததா என்று பார்க்கச் சொல்லி டாக்டரை நச்சரியுங்கள். சண்டையில் நாத்தனார் பக்கம் மட்டும் பேசிவிடாதீர்கள்.

அனகாபுத்தூர் வாசகி: வருஷா வருஷம் ஒரு பெரிய வைட்டமின் டி ஊசி போட்டால் எலும்பு இரும்பாகிவிடுமா?

ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு வருடத்துக்கு ஒரே ஒரு ராட்சத டோஸ் கொடுத்துப் பார்த்தார்கள். விழுந்ததும் முறிந்ததும் கூடித்தான் போயின. குறைபாடு இருந்தால் அளவாகக் கொடுப்பார்கள், அது வேறு கதை.

நீங்கள் கேட்கவேண்டிய ஊசி ஜோலட்ரோனிக் ஆசிட். இடுப்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர்களுக்கு 90 நாளுக்குள் ஒன்று, பிறகு வருடத்துக்கு ஒன்று என்று கொடுத்த 2007 ஆய்வில் அடுத்த முறிவு 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்தன. சிறுநீரகத்தையும் வைட்டமின் டி அளவையும் பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். ஆனால் இடுப்பைச் சரிசெய்து வீட்டுக்கு அனுப்பும் அவசரத்தில் எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எழுத மறந்துவிடுவது உலக வழக்கம். டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும்போது நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

செம்பாக்கம் வாசகர்: கைத்தடி வைத்துக்கொண்டால் கிழவன் என்கிறார்களே?

விழுந்தால் 'பாவம்' என்பார்கள். எது தேவலை?

ஒரு மூத்த குடிமகன், ராஜகீழ்ப்பாக்கம்: விழாமலே இருக்க ஒரே ஒரு வழி சொல்லுங்கள்.

உடற்பயிற்சி. கால் பலத்துக்கும் நிதானத்துக்கும். 2019-ல் 108 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு அறிக்கை, பயிற்சி செய்தவர்கள் விழுவது 23 சதவீதம் குறைந்தது என்றது. அந்த 108 இருந்தால் இந்த 108 தேவைப்படாது. நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்கார்ந்து பாருங்கள். ஓசியில் ஜிம். தூக்க மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். பாத்ரூம் வாசலில் போட்ட பழைய புடவை மிதியடியை இன்றே குப்பை வண்டியில் போடுங்கள். தாம்பரம் மாநகராட்சி நடைபாதையைச் சரிசெய்யும் வரை அதை நம்பிக் காலை வைக்காதீர்கள்.

பெயர் வேண்டாம், குரோம்பேட்டை: அம்மாவுக்கு 92. இரண்டு வருடமாகவே படுக்கை, யாரையும் அடையாளம் தெரியாது. இப்போது இடுப்பும் முறிந்துவிட்டது. ஆபரேஷன் வேண்டாம் என்றால் நான் பாவியா?

இல்லை. நெதர்லாந்தில் இப்படி மிகவும் தளர்ந்தவர்களிடம், குடும்பத்தோடு கலந்து பேசி முடிவெடுத்தார்கள். 2022-ல் வந்த ஆய்வு அது. ஆபரேஷன் வேண்டாம் என்றவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் போய்விட்டார்கள். ஆனால் அந்த நாட்கள் மற்றவர்களின் நாட்களைவிட மோசமாக இல்லை. வலியை மட்டும் விட்டுவைக்கக் கூடாது, அதற்கு நல்ல மருந்து உண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி நிவாரணச் சிகிச்சைக்கு வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஒரு மனைவி, பம்மல்: ஆபரேஷன் ஆன மூன்றாம் நாளே, "நானே வாக்கரில் பாத்ரூம் போவேன்" என்று அடம் பிடிக்கிறார். விடலாமா?

பிசியோதெரபிஸ்ட் சரி என்றால் விடுங்கள், பின்னால் ஒருவர் நிற்கட்டும். பந்து மாற்றியிருந்தால் குந்தக் கூடாது. கமோடு மேல் உயரமான சீட் ஒன்று வாங்கிப் போடுங்கள், பக்கச் சுவரில் கைப்பிடி வையுங்கள். ஓவல்டின் டப்பா, சோப்பு டப்பா, காலி பக்கெட் எல்லாவற்றையும் தரையிலிருந்து எடுத்துவிடுங்கள். தாழ்ப்பாளை இன்றே ஆசாரியைக் கூப்பிட்டுக் கழற்றுங்கள். மானம் போகிறது என்று கத்துவார். கத்தட்டும், நுரையீரலுக்கு நல்லது.