ராயல் பாமுக்கு லாரித் தண்ணி

வாடா பேராண்டி, உக்காரு. லேப்டாப்புல நீ காட்டின படம் அமோகம். அஞ்சு மாடி மாணவர் விடுதி, முன்னால கொரியன் புல்லு, நடக்கிற இடம் பூரா பேவர் பிளாக்கு, வாசலுக்கு ரெண்டு பக்கமும் ராயல் பாம். பிள்ளைங்க புல்லு மேல சாஞ்சு புஸ்தகம் படிக்குதுங்க. சென்னை ஓ.எம்.ஆர். ரோட்டுப் பக்கம் மே மாசத்து மத்தியானத்துல புல்லு மேல உக்காந்து படிக்கிற பிள்ளை ஒண்ணு கிடைச்சா சொல்லு, மாலையோட வர்றேன்.

ஒரே ஒரு சந்தேகம். படத்துல தண்ணி லாரியைக் காணோமே? அந்தப் புல்லுக்கு யாரு ஊத்துறது? 2019 ஜூலையில ஜோலார்பேட்டையிலேர்ந்து சென்னைக்கு ரயில்ல தண்ணி போச்சு, 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர். அதுக்கு நாலு வருஷம் முந்தி, 2015 டிசம்பர்ல, தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் கொட்டுச்சு. தெருவுல படகு ஓடிச்சு. பேஞ்சும் கெடுக்கும், காஞ்சும் கெடுக்கும்னு நான் சொன்னா கிழவன் புலம்பல். அதையே நீ ஏசி ரூம்ல படம் போட்டுச் சொன்னா ஃபீஸு. நல்லா இரு.

மனையில ஈசானி மூலை பள்ளமா இருக்குன்னியே, அதை என்ன பண்ணப் போறே? ஆறடி மண்ணடிச்சு மேடாக்கப் போறியா? அங்க நிக்கிற தண்ணி பக்கத்து மனைக்காரன் வீட்டுக்குப் போகும். அவனும் மண்ணடிப்பான். ஓ.எம்.ஆர். பக்கத்து வெள்ளமெல்லாம் பள்ளிக்கரணை சதுப்பைத் தேடி ஓடுறது. குப்பையும் கட்டடமும் தின்னது போக மிஞ்சின சதுப்பைத்தான் 2022ல உலகச் சதுப்பு நிலங்களோட ராம்சர் பட்டியல்ல சேர்த்தாங்க. தண்ணிக்குப் பட்டா கிடையாதுடா, ஆனா அனுபவ பாத்தியதை உண்டு. பள்ளத்தைப் பள்ளமா விடு. உங்க முதலாளிகிட்ட வெள்ளம், வடிகால்னு பேசிப் பாரு, கொட்டாவி விடுவாரு. ஈசானி மூலையில தண்ணி நின்னா லட்சுமி கடாட்சம்னு சொல்லு, தானே முன்வந்து இன்னும் ரெண்டடி தோண்டச் சொல்வாரு.

அப்புறம் இந்தப் படத்துல மூலைக்கு மூலை வட்டம் போட்டிருக்கியே, மழைநீர் சேமிப்புக் குழிங்கிறியே. 2003ல அரசாங்கம் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம்னு சொல்லிடுச்சு, அதுக்காகப் போட்டிருக்கே. சரி. குழி வெட்டுற இடம் மணலா களியான்னு பார்த்தியா? பெசன்ட் நகர் மாதிரி கடலோர மணல்ல ஜல்லி போட்ட குழியில ஊத்தினது சர்னு இறங்கும். உன் மனை களிமண்ணு. அங்க தண்ணி ஊறாது, கொசுதான் ஊறும். களியில தண்ணியை மேலேயே பரத்தி நிறுத்தணும். மாடித் தண்ணி குழாய்க்குள்ள ஒளிஞ்சு ஓடாம, கண்ணுக்குத் தெரியிற வாய்க்கால்ல வரட்டும். முதல் மழையை வெளியே தள்ளிடு, காக்கா எச்சமும் தூசியும் அதோட போயிடும். அப்புறம் வர்ற நல்ல தண்ணி தொட்டிக்கு. தொட்டி நிறைஞ்சா பள்ளத்துக்கு. பள்ளம் நிறைஞ்சா கலங்கல் வழியா வெளியே. கலங்கல் இல்லாத ஏரி கரையை உடைச்சுக்கும், மதுராந்தகத்துல யாரை வேணும்னாலும் கேளு. பிள்ளைங்க நடக்கிற பாதை மட்டும் மேட்டுல ஓடட்டும், வெள்ளத்தன்னைக்கும் பரீட்சைக்குப் போகணுமே. நம்ம பெருமழை ஐப்பசி கார்த்திகையில, செமஸ்டரும் அப்பதான்.

கணக்கும் போட்டுக்கோ. மொட்டை மாடி 1,000 சதுர மீட்டர், வருஷ மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். மொத்தம் 14 லட்சம் லிட்டர், சிந்தினது சிதறினது போக 11 லட்சம்னு வை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்ங்கிற உங்க கணக்குப்படி 300 பிள்ளைங்களுக்குத் தினம் 40,500. ஆக வருஷ மழை முழுக்கப் பிடிச்சாலும் 27 நாளைக்குத்தான் வரும். "மழைநீரிலேயே இயங்கும் விடுதி"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கியே, அதை முதல்ல அழி.

தினம் தவறாம வர்ற ஆறு ஒண்ணு உண்டுடா, குளியலறைத் தண்ணி. அதை ஜல்லிப் படுகைக்குள்ள விட்டு மேல கல்வாழை, சேம்பு, கோரை நடு. தண்ணி ஜல்லிக்கு அடியிலேயே ஓடணும், மேல தெரிஞ்சா கொசு குடியேறிடும். சமையல்கட்டுத் தண்ணியை எண்ணெய் பிரிக்காம அதுல விட்டுடாதே, படுகை அடைச்சுக்கும். இங்கேதான் நீ ஏமாறப் போறே. மே மாசம் பிள்ளைங்க ஊருக்குப் போயிடும், ஆறு வத்திடும். செடி அதிகமாக் குடிக்கிற மாசத்துல குளிக்க ஆளில்லே. உங்க கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டியில இருக்கிற நுண்ணுயிருங்களும் பட்டினி, லீவு முடிஞ்சு வந்து மூடியைத் திற, மூக்கு சொல்லும். அதனால மேயில காயவும் தெரியணும், கார்த்திகையில நனைஞ்ச காலோட நிக்கவும் தெரியணும், அப்படிப்பட்டதா நடு. பூவரசு, புங்கன், நீர்மருது, நாவல். சரிவுல வெட்டிவேர். ராயல் பாம் கல்யாண மண்டபத்துக்குப் போகட்டும். அதோட நிழல்ல ஒரு செருப்பு ஜோடி நிக்குமா?

சென்னை ஐ.ஐ.டி.யில விடுதிங்களுக்குக் காவேரி, கோதாவரி, தாமிரபரணின்னு ஆத்துப் பேராம். அங்க காடும் ஏரியும் இருக்கு, தகும். நீயும் வைகைன்னு போர்டு மாட்டப் போறதாக் கேள்வி. பேரு வெச்சியே, நீரு வெச்சியா?

கடைசியா ஒண்ணு. கும்பினி காலத்துல பிளேஸ்னு ஒரு கலெக்டர் துரை, மதுராந்தகம் ஏரி உடையப் போகுதுன்னு ராத்திரி கரைக்கு ஓடினாராம். ராமரும் லட்சுமணரும் வில்லோட காவல் நின்னாங்கன்னு எங்க ஊருக் கதை. உன் வாய்க்காலுக்குக் காவல் யாரு? கேட்டுல செல்போன் பார்க்கிற வாட்ச்மேனா? புரட்டாசியிலேயே தூர் வாரணும், கம்பி வலையில சிக்கின சிப்ஸ் கவரை எடுக்கணும், கலங்கல்ல எவனும் பைக் நிறுத்தாம விரட்டணும். முன்ன ஊருக்கு ஒரு நீர்கட்டி இருந்தான், ஏரித் தண்ணி அவன் பொறுப்பு. உன் எஸ்டிமேட்ல ஃபவுண்டனுக்கு வெச்ச காசை எடுத்து அந்த ஆளுக்குச் சம்பளமாப் போடு. எவ்வளவு தருவாங்கன்னு விசாரிச்சுச் சொல்லு. நம்ம தெருவுல ஒருத்தர் சும்மாத்தான் இருக்கார், வயசு 78, மண்வெட்டி சொந்தமா வெச்சிருக்கார். மெஸ்ஸுல மூணு வேளை சாப்பாடு உண்டான்னும் கேட்டுக்கோ.