வோபர்ன் வைன் அண்ணை

ரொறொன்ரோவின் வோபர்னில் பிறந்தநாளோ குடிபூரலோ, எதுவானாலும் ஆம்பிளைகள் பேஸ்மென்டுக்கு இறங்கிவிடுவார்கள். அங்கே ஒரு வைன் அண்ணை இருப்பார். மற்றவர்கள் பிளக் லேபல் போத்தலைச் சுற்றி நிற்க, இவர் மட்டும் காம்பு வைத்த கிளாஸோடு தனியே நிற்பார். அந்தக் கிளாஸ் வீட்டுக்காரருடையதல்ல. துவாயில் சுற்றித் தன் காரில் கொண்டுவந்தது.

இவரும் ஒருகாலம் விஸ்கிக்காரர்தான். டொக்டர் பிரஷரைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகு, சிவப்பு வைன் இருதயத்துக்கு நல்லது என்று யாரோ காதில் போட்டார்கள். 1991இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி பிரெஞ்சுக்காரரின் இருதயத்தைக் காட்டிக் கிளப்பிவிட்ட கதை அது. 2023இல் கனடாவிலேயே, கிழமைக்கு இரண்டு கிளாஸுக்கு மேல் போனால் ஆபத்து ஏறும் என்று புதிய வழிகாட்டல் வந்தது. அன்றைக்கு அண்ணை செய்தி பார்க்கவில்லை.

அவருடைய கோயில் எல்சிபிஓ. 1927இல் ஒன்ராறியோ அரசு அந்த மதுக்கடைகளைத் திறந்தபோது, குடிக்கிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெர்மிட் புத்தகம் இருந்தது. வாங்கியதையெல்லாம் அதில் பதிந்தார்கள். அந்த வழக்கத்தைக் கைவிட்டது பெரிய பிழை என்பது அவருடைய மனைவி, அக்காவின் அபிப்பிராயம். இப்போது அண்ணை தட்டுத் தட்டாகப் பார்த்து, யாருக்கும் தெரியாத நாடாகத் தேடி எடுக்கிறார். பிரெஞ்சு வைனை ஆரும் வாங்கலாம் அல்லவா?

"இண்டைக்கு என்ன அண்ணை?"

"ஜோர்ஜியா."

"அட்லாண்டாவோ? மச்சாள் அங்கதான் இருக்கிறா. வைன் செய்யிறாங்கள் எண்டு ஒருநாளும் சொல்லேல்லையே."

"அது அமெரிக்கா. இது ரஷ்யாவுக்குக் கீழ, துருக்கிக்குப் பக்கத்தில. சப்பராவி எண்டு ஒரு முந்திரிகை. அநேகமான சிவப்பு முந்திரிகையளில தோல்தான் சிவப்பு. இதுக்குச் சதையும் சிவப்பு. எண்ணாயிரம் வருசப் பழக்கம் தம்பி! மண்ணுக்குள்ள இருந்த சட்டி ஓட்டில வைன் கறை பிடிச்சிருந்ததை 2017இல கண்டுபிடிச்சுச் சொன்னது ஆர்? எங்கட ரொறொன்ரோ யூனிவேர்சிற்றி ஆக்களும் சேர்ந்துதான்."

அவருடைய மகன் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் கம்பியூட்டர் படிக்கிறான். ஆனாலும் அந்த 'எங்கட'வில் மண்வெட்டி பிடித்த களைப்புத் தெரியும்.

பிறகு குவேவ்ரி வரும். முட்டை வடிவான பெரிய மண்சாடி. கழுத்துவரை நிலத்தில் தாட்டு, பழச்சாறைத் தோலோடும் விதையோடும் ஊற்றி மூடி, மாதக்கணக்கில் விடுவார்கள். 2013இல் யுனெஸ்கோ இந்த முறையை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது.

"தாட்டு வைக்கிறதோ?" என்றார் மூலைக் கதிரையில் இருந்த பெரியவர். "எங்கட ஊரில கசிப்புக்காரரும் கோடாவைத் தாட்டுத்தானே வைச்சவங்கள். யுனெஸ்கோ வரேல்லை. பொலிஸ்தான் வந்தது."

அண்ணை சிரிக்கமாட்டார். கிளாஸைச் சுழற்றுவார், மூக்கை உள்ளே விடுவார், கண்ணை மூடுவார். மிக்ஸர் கொறிக்கிற சத்தம்கூட நின்றுவிடும்.

"கறுப்புச் செரி... பதனிட்ட தோல்... புகையிலை... மழை பெய்த காட்டு மண்."

இதில் புகையிலையை மட்டும் நான் நம்புகிறேன். அவருடைய தகப்பன் புகையிலைத் தோட்டம் செய்தவர். மற்ற மூன்றும் போத்தலின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கிறது.

மட்டன் ரோல்ஸ் வரும். இந்த வைனுக்கு இறைச்சிதான் பொருத்தம் என்பார். உறைப்போடு சேர்ந்தால் துவர்ப்பும் காரமும் ஒன்றையொன்று ஏற்றிவிடும் என்பதை அவர் முகமே சொல்லும், வாய் சொல்லாது.

ஒரு பிறந்தநாளில் பெரியவர் விடவில்லை. "அது சரி, தனிப்பனைக் கள்ளுக் குடிச்ச நீர், இதில என்னத்தைக் காணுறீர்?"

அண்ணை கிளாஸைக் கீழே வைத்தார். "ஐயா, பிளாவில வாய் வைச்ச உடன நான் பனையைச் சொல்லுவன். கிணத்தடிப் பனை வேற, வேலியோரத்துப் பனை வேற. காலமைக் கள்ளு இனிக்கும், மத்தியானம் ஏறினால் புளிக்கும். முட்டியில சுண்ணாம்பு கொஞ்சம் பட்டிருந்தாலும் எனக்குத் தெரியும்." இத்தனையும் கண்ணை மூடாமல், எந்த லேபலையும் பார்க்காமல்.

"அப்ப இது?"

ஒரு மிடறு. "நாவற்பழம். நல்லாப் பழுத்தது. கடைசியில கொஞ்சம் கறள்."

பேஸ்மென்டே ஆளுக்கொரு கிளாஸ் வாங்கிப் பார்த்தது. நாவற்பழமேதான்! பிளக் லேபலைத் தொட ஆளில்லை.

மேலே கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். படிவாசலில் அக்கா நின்றார்.

"எத்தினை கிளாஸ்?"

"ஒண்டு."

"எங்க, பல்லைக் காட்டுங்கோ பாப்பம்."

அந்தப் பிறந்தநாள் அல்பத்தைப் பார்த்தால், பெண்களும் பிள்ளைகளும் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருக்க, பின்வரிசை ஆம்பிளைகள் பத்துப் பேரும் செத்தவீட்டுக்கு வந்தவர்கள்போல உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பார்கள்.