மாத்திரை முதலில், வரக்காப்பி பிறகு

கே: குழந்தைக்கு ஆறு மாதம். முதல் மூன்று மாதம் ஒரே படபடப்பு, கை நடுக்கம், தூக்கமில்லை. இப்போது தலைகீழ்: கால் கனக்கிறது, வெயில் நேரத்திலும் கம்பளி கேட்கிறது. பச்சை உடம்பு அப்படித்தான் என்கிறார்கள். சரியா? - வாசகி, மாரமங்கலம்

ப: பச்சை உடம்பு என்பது சரி. அப்படித்தான் என்பதுதான் தப்பு, அம்மா. தைராய்டைப் பாருங்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும்வரை உடம்பின் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் அடங்கியிருக்கும். பெற்றதும் திமிறி எழும். சிலருக்கு அது சொந்தத் தைராய்டு சுரப்பியையே தாக்கிவிடுகிறது. சுரப்பி புண்பட்டு, சேர்த்து வைத்த ஹார்மோன் ஒரேயடியாக ரத்தத்தில் கொட்டும்போது படபடப்பு. இருப்பு தீர்ந்ததும் சோர்வு, குளிர், மலச்சிக்கல். முதலாவது பெரும்பாலும் 1 முதல் 4 மாதத்துக்குள். அடுத்தது 4 முதல் 8 மாதத்துக்குள். ஏறக்குறைய 20 தாய்மாரில் ஒருவருக்கு வருகிறது. ஏற்காடு அரசு மருத்துவமனையில் டி.எஸ்.ஹெச். பரிசோதனை கேளுங்கள், அங்கே முடியாவிட்டால் சேலம். கொஞ்சம் ரத்தம் போதும்.

கே: படபடப்புக்கே தைராய்டைக் குறைக்கும் மாத்திரை போட்டிருக்கலாமோ?

ப: பலன் இருந்திருக்காது. சுரப்பி அதிகமாகச் சுரக்கவில்லை, உடைந்து ஒழுகுகிறது. ஆனால் கிரேவ்ஸ் என்ற நோயும் இதே முகத்தோடு வரும். அதற்கு அந்த மாத்திரை வேண்டும். எது எது என்று மருத்துவர்தான் பிரிக்க வேண்டும்.

கே: கல்லுப்பு சாப்பிட்டதால் வந்ததா? - வாசகர், ஏற்காடு

ப: அயோடின் குறைந்து வருவது வேறு நோய். அதற்காகத்தான் 2006 மே முதல் அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக்கூடாது என்று சட்டம். அயோடின் உப்பையே வாங்குங்கள். ஆனால் இந்த நோய் உப்பால் தீராது.

கே: விடிகாலையில் எஸ்டேட் வேலைக்குக் கிளம்பும்போது தைராய்டு மாத்திரையை வரக்காப்பியோடு விழுங்கிவிடுவேன். மூன்று மாதமாகியும் டி.எஸ்.ஹெச். இறங்கவில்லை.

ப: உங்கள் தோட்டத்துக் காப்பிதான் குறுக்கே நிற்கிறது! காப்பி இந்த மாத்திரையைக் குடலில் சேர விடாது. எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் மாத்திரை. பிறகு அடுப்பு, குழந்தை, வாசல் எல்லாம் பாருங்கள். அரைமணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி. இன்னொன்று: பிரசவத்துக்குப் பிறகு கிராம செவிலியர் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் இதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்றையும் ஒரே கைப்பிடியில் விழுங்காதீர்கள். நாலு மணி நேர இடைவெளி வேண்டும். அவற்றைப் பகல் சாப்பாட்டுக்கும் இரவுக்கும் தள்ளிவிடுங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

கே: இந்த மாத்திரை போட்டுக்கொண்டு பால் கொடுக்கலாமா?

ப: தாராளமாக.

கே: முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. தைராய்டுதானே?

ப: பிள்ளை பெற்ற மூன்று நாலு மாதத்தில் பலருக்கும் கொட்டும், திரும்ப முளைக்கும். முடி மட்டும் என்றால் பயப்படாதீர்கள். கூடவே சோர்வும் குளிரும் இருந்தால் பரிசோதனை.

கே: ஆயுசுக்கும் மாத்திரையா?

ப: பெரும்பாலோருக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் சுரப்பி தேறிவிடும். சிலருக்குத் தேறாது, அவர்களுக்கு மாத்திரை நிரந்தரம். நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவர் குறைத்துப் பார்ப்பார். தேறிய பிறகும் ஆண்டுக்கொருமுறை பாருங்கள். அடுத்த பிள்ளை உண்டானால் நாள் தள்ளிய உடனே சொல்லிவிடுங்கள். தாய்க்குத் தைராய்டு குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

கே: மருமகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பிள்ளை அழுதாலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிப்போகட்டுமா?

ப: கூட்டிப்போங்கள் அம்மா, ஆனால் மருத்துவமனையை அதற்கு முன்னாலேயே வையுங்கள். அது தைராய்டாக இருக்கலாம், பேறுகால மனச்சோர்வாக இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம். சாகலாம் போலிருக்கிறது என்று சொன்னால் ஒரு நாளும் தள்ளாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். அப்படி எதுவும் சொல்லாமல் இருந்து, இந்த வாரம் போக வழியும் இல்லை என்றால் பேரனுக்குத் தடுப்பூசி போடும் நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் எடையைப் பார்த்து அட்டையில் எழுதுவார்கள் இல்லையா, அந்த மேசையிலேயே சொல்லுங்கள்: “இவளையும் ஒரு தடவை பாருங்கம்மா.”